மருந்தியலும் தமிழும்: கிறீன் வகுத்த நெறி

மருந்தின் பெயரும் அளவும் அதனைக் கொடுப்பவருக்கு ஐயமற விளங்குதல் வேண்டும். விளங்காவிடின் நோயாளிக்கே கேடு நேரும். ஆதலின் மருந்தியலை எம்மொழியிற் கற்பிப்பது என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

1847 ஆம் ஆண்டு இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். கிராமங்கள் வைத்தியரின்றி வாடின. எனவே 1864 இல் தமிழ் போதனாமொழியாயிற்று.

உடலுறுப்புகள் பலவற்றுக்குத் தமிழில் முன்னரே பெயருண்டு. புதிய இரசாயன மருந்துகளுக்கோ இல்லை. கிறீன் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் நாடினார். அது கிடையாதவிடத்து வடசொல்லைக் கொண்டார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைத்தார். ‘கெமிஸ்தம்’ (1875) என்னும் நூற்பெயரே இதற்குச் சான்று. இந்திய மருந்துநூலின் தமிழாக்கம் ‘இந்து பதார்த்த சாரம்’ எனப் பெயர்பெற்றது. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் தமிழ்நூற் பணியைக் கைவிட்டாரல்லர்.

கிறீன் 1884 இல் மறைந்தார். அவர் ஆக்கிய சொற்களுட் சில வழக்கொழிந்தன. அவர் வகுத்த வரிசைமுறை ஒழியவில்லை. மருந்துச்சொல்லின் தெளிவு நோயாளியின் பாதுகாப்பு என்பதை இன்று கலைச்சொல் ஆக்குவோரும் மனங்கொள்ளுதல் தகும்.