டன்னுக்கு ஐந்து சென்ட்

ஓட்டு வீட்டுக் கூரையின் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் உடனே விழுகிறது. தூசி ஏன் விழுவதில்லை? அதுவும் விழத்தான் செய்கிறது, ஆனால் மிக மெதுவாக. நுண்துகளின் விட்டம் பாதியானால், காற்றில் அது இறங்கும் வேகம் கால் பங்காகிவிடும். 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு விட்டமுள்ள நிலக்கரித் துகள் நொடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே இறங்கும். 1 மைக்ரான் துகள், அசையாத காற்றில்கூட, ஓர் ஆள் உயரம் இறங்கச் சுமார் 10 மணி நேரம் ஆகும்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி நாள் முழுதும் சுவாசிப்பது இத்தகைய துகள்களையே. பெரியவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நுண்ணியவையோ நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கிவிடும். அவற்றைச் சுற்றித் தழும்பு ஏற்பட, மூச்சு முட்டத் தொடங்கும். கருநுரையீரல் நோய் எனப்படும் இதனைக் குணப்படுத்தும் மருந்து இன்றுமில்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். ஆகவே கூலி நின்ற பிறகுதான் மருத்துவச் செலவு பெருகுகிறது. அதை யார் ஏற்பது?

அமெரிக்காவில் 1946-ல் இக்கேள்வி பெரும் வேலைநிறுத்தத்தில் முடிந்தது. ஜனாதிபதி ட்ரூமன் சுரங்கங்களை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிசும் உள்துறைச் செயலர் கிரக்கும் ஓர் உடன்பாடு கண்டனர். வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் 5 சென்ட் வீதம் தொழிலாளர் நல நிதியில் சேர வேண்டும் என்பது அதன் சாரம். நிலக்கரியின் விலையிலேயே தொழிலாளியின் உடல்நலமும் ஒரு செலவாகச் சேர்ந்தது! பின்னர் 1956-ல் இந்நிதியின் துணையால் கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதிகளில் 10 மருத்துவமனைகள் எழுந்தன.

ஆயினும் தூசிக்கு வரம்பு வர 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முந்திய ஆண்டு பார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டனர். அதன்பின் மேற்கு வர்ஜீனியாவில் தொழிலாளர்கள் பல்லாயிரவர் வேலையை நிறுத்தினர். அவ்வாண்டு இறுதியில் வந்த சட்டம் தூசியைக் கட்டுப்படுத்தியது. கருநுரையீரல் நோயாளிகளுக்கும் அவர்தம் விதவையருக்கும் உதவித்தொகையும் வழங்கியது.

கொடுத்த வாக்கு நிலைத்ததா? பிட்ஸ்டன் என்ற கம்பெனி, ஓய்வு பெற்றோர், ஊனமுற்றோர், விதவையர் எனச் சுமார் 1,500 பேரின் மருத்துவ வசதியை 1988-ல் நிறுத்தியது. மறு ஆண்டு அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தம் கூலிக்காக மட்டுமன்று, தமக்கு முன் சுரங்கத்தில் உழைத்தோருக்காகவும் போராடினர். இதன் விளைவாக 1992-ல் ஒரு சட்டம் பிறந்தது: முன்பு வேலை வாங்கிய கம்பெனிகளே ஓய்வு பெற்றோரின் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். பல கம்பெனிகள் திவாலானபோது சிக்கல் மீண்டும் எழுந்தது. 2017-ல் 22,000-க்கும் மேற்பட்டோரின் மருத்துவ வசதிக்கு அரசே நிரந்தரப் பொறுப்பேற்றது.

வெயிலில் தூசி மிதப்பதை இனிக் காணும்போது இதை எண்ணிப் பாருங்கள். நிலக்கரி சில மணி நேரத்தில் எரிந்து சாம்பலாகிவிடும். அதை வெட்டியவரின் நுரையீரலில் தங்கிய தூசி அவர் ஆயுள் முழுதும் அங்கேயே இருக்கும்.