'அவரியான்' என்றொரு சொல்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் கொரிய நாட்டுப் பொறியாளர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் நமக்கு அண்டை வீட்டுக்காரர். அண்மையில் ஒரு ஞாயிறன்று சென்னைக்குச் சென்று சாந்தோம் தேவாலயத்தைக் கண்டு திரும்பியவர், தோமையார் கல்லறையோடு முஸ்லிம்களுக்கு ஏதேனும் உறவு உண்டா என்று அரைகுறைத் தமிழில் வினவினார். உண்டு என்றோம். அவர் நம்பவில்லை. அன்று அவருக்குச் சொன்னதையே ஈண்டு விரித்து எழுதுகிறோம்.

அயல்நாட்டார் அத்தலத்தை நாடி வருவது இன்று தொடங்கியதன்று. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292–93 அளவில் இக்கரை வழியே சென்றார். 1298இல் ஜெனோவாச் சிறையிலிருந்து தம் பயண வரலாற்றை ருஸ்டிச்செல்லோ என்பாரைக் கொண்டு எழுதுவித்தார். இந்நாட்டை அவர் குறிக்கும் 'மஅபர்' என்னும் பெயரே, கடக்கும் துறை எனப் பொருள்படும் அரபுச் சொல்லாகும். வணிகர் மிகுதியாக வாராத சிற்றூர் ஒன்றில் தோமையார் அடங்கியிருப்பதாகவும், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கு யாத்திரை வருவதாகவும் அவர் கூறுகிறார். அவர் உயிர்நீத்த இடத்துச் செம்மண்ணைக் கிறிஸ்தவர்கள் எடுத்துச் சென்று காய்ச்சல் கண்டோர்க்குக் கரைத்துப் புகட்டுவராம்.

அந்நாட்டு முஸ்லிம்கள் தோமையாரைத் தம்மவர் என்றும் பெரிய நபி என்றும் கூறி, 'அவரியான்' எனப் பட்டமிட்டு மதித்தனர் என்பது போலோ தரும் அடுத்த செய்தி. 'புனிதர்' என்பது அதன் பொருளாம். போலோ நூலுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் வரைந்த ஹென்றி யூல், இதனை 'ஹவாரீ' என்னும் அரபுச் சொல்லோடு இணைத்துக் காட்டினார். மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதியவர்க்கு அவ்விளக்கம் வேண்டுவதில்லை. ஹவாரிய்யூன் என்போர் ஈஸா (அலை) அவர்களின் சீடர்கள். திருக்குர்ஆனின் நான்கு வசனங்களில் ஐந்து முறை இச்சொல் வருகிறது. அவர்களுள் எவர் பெயரும் அங்குக் குறிக்கப்படவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஸுபைர் (ரலி) அவர்களைத் தம் ஹவாரீ என்று சிறப்பித்ததை ஹதீஸில் காண்கிறோம்.

தோமையார் தம்மவர் என்று அம்மக்கள் சொன்னது போலோவுக்கு வீண் உரிமையாகத் தோன்றியிருக்கலாம். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 52ஆம் வசனத்தில் ஹவாரிய்யூன் தம்மை முஸ்லிம்கள் என்றே அறிவிக்கின்றனர். அவ்வசனத்தை ஓதியவர்கள் வேறெவ்வாறு பேசுவர்? 'நபி' என்றது மட்டும் பிழை. ஹவாரீ நபியாகார் என்பதைச் சிறு மாணவரும் அறிவர். அப்பிழை சொன்னவருடையதன்று, கேட்டவருடையது என்றே நாம் கருதுகிறோம்.

தோமையார் இக்கரைக்கு வந்தாரா என்பது வேறு வழக்கு. அறிஞர் அதனைத் தீர்த்தபாடில்லை. 851ஆம் ஆண்டின் அரபுக் கடற்பயண நூலிலுள்ள ஓர் ஊர்ப்பெயரை 'பைத் தூமா', அதாவது தோமையார் இல்லம், எனப் படித்து மகிழ்ந்தோரும் உளர். அந்நூல் சொல்லும் கடல்வழியைப் பின்தொடர்ந்தால் மலாய்க் கரையின் தியோமான் தீவுக்கே போய்ச் சேர்வோம். ஆதலின் அச்சான்றை நாம் எடுத்தாளவில்லை.

'அவரியான்' அத்தகையதன்று. அக்காலத்துச் சோழமண்டல முஸ்லிம்களின் வாய்மொழியாக நமக்கு எட்டியவை மிகச் சில. அவற்றுள் ஒன்று ஒரு கிறிஸ்தவரின் நூலில் தங்கியிருக்கிறது. சாந்தோமில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் போய், இன்றுள்ள ஆலயம் 1896இல் எழுந்தது. இச்சொல் அதற்கு அறுநூறு ஆண்டு மூத்தது.

இத்தாலியர் நாவில் ஹகரம் நில்லாமையால் 'ஹவாரீ' அங்கு 'அவரி'யாயிற்று போலும். நம் கொரிய நண்பருக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. இருமுறை சொல்லிப் பார்த்து, மூன்றாம் முறை திருத்தமாகவே ஒலித்தார்.