ராயல் என்ஃபீல்டு இமாலயன்

ராயல் என்ஃபீல்டு இமாலயன் என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தயாரிக்கும் சாகசப் பயண விசையுந்து (மோட்டார் சைக்கிள்) ஆகும். தார்ச்சாலை, கரடுமுரடான மலைப்பாதை ஆகிய இரண்டிலும் நெடுந்தொலைவு செல்வதற்கு ஏற்ற வகையில் இது வடிவமைக்கப்பட்டுள்ளது. 2016 ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவமும், 2023 நவம்பரில் முற்றிலும் புதிய இரண்டாம் வடிவமும் வெளியாயின.

பின்னணி

1980 இல் செருமனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் எடையும் விலையும் மிக்கவை. இந்தியாவில் புல்லட் வண்டிகளிலேயே பலர் லடாக் போன்ற பகுதிகளுக்குச் சென்று வந்தனர். அப்பயணத்திற்கெனத் தனியாக உருவாக்கப்பட்டதே இமாலயன்.

முதல் வடிவம் (411)

இதன் எஞ்சின் 411 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஒற்றை உருளையைக் கொண்டது. காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படுவது. இது 6500 சுற்றுகளில் ஏறத்தாழ 24.5 குதிரைத்திறனையும், 4000-4500 சுற்றுகளில் 32 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையையும் தந்தது. உருளையின் விட்டம் 78 மி.மீ.; உந்துதண்டின் வீச்சு 86 மி.மீ. நீண்ட வீச்சின் காரணமாகக் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைத்தது. செங்குத்தான ஏற்றங்களில் இது பயன்பட்டது; ஆயினும் நெடுஞ்சாலை வேகத்தில் ஆற்றல் போதவில்லை என்பது முதன்மையான குறையாகக் கூறப்பட்டது.

தொடக்கத்தில் கார்புரேட்டர் பயன்படுத்தப்பட்டது. ஐயாயிரம் மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியாகக் குறைவதால், கார்புரேட்டர் வண்டிகளில் காற்றுக்குப் பொருந்தாத அளவு எரிபொருள் சென்று எஞ்சின் திணறும். 2017 இல் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறை சேர்க்கப்பட்டது. இம்முறை காற்றின் அடர்த்திக்கேற்ப எரிபொருளின் அளவை மாற்றவல்லது. எனினும் காற்றுக் குறைவால் ஏற்படும் ஆற்றல் இழப்பை இதனாலும் முழுமையாகத் தவிர்க்க இயலாது.

இரண்டாம் வடிவம் (450)

இதில் உள்ள 452 கன செ.மீ. எஞ்சின், இந்நிறுவனத்தின் வண்டிகளில் நீர்மத்தால் குளிர்விக்கப்படும் முதலாவது எஞ்சின் ஆகும். இதன் சிறப்புக் கூறுகள் பின்வருமாறு:

* ஆற்றல்: 8000 சுற்றுகளில் ஏறத்தாழ 40 குதிரைத்திறன்
* முறுக்கு விசை: 5500 சுற்றுகளில் 40 நியூட்டன் மீட்டர்
* கியர்கள்: 6 (முதல் வடிவத்தில் 5)
* சக்கரங்கள்: முன் 21 அங்குலம், பின் 17 அங்குலம்
* தரை இடைவெளி: 230 மி.மீ. (முதல் வடிவத்தில் 220 மி.மீ.)
* எரிபொருள் தொட்டி: 17 லிட்டர்
* எடை: எரிபொருளுடன் 196 கிலோகிராம்

பெரிய முன்சக்கரம் கற்களையும் பள்ளங்களையும் எளிதில் கடக்க உதவுகின்றது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பைப் பின்சக்கரத்திற்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம். தளர்ந்த மண்ணில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வண்டியைத் திருப்ப இது தேவைப்படுகின்றது. வட்டவடிவத் திரையில் வழிகாட்டும் வரைபடத்தையும் காணலாம்.

ஒப்பீடு

புதிய எஞ்சினின் விட்டம் 84 மி.மீ.; வீச்சு 81.5 மி.மீ. வீச்சு குறைந்ததால் எஞ்சின் விரைவாகச் சுழன்று மிகுந்த ஆற்றலைத் தருகின்றது. ஆனால் உச்ச முறுக்கு விசையைப் பெற முன்னைவிட அதிகச் சுற்றுகள் தேவைப்படுகின்றன. நீர்மக் குளிர்விப்பு, மின்னணுக் கட்டுப்பாடுகள் ஆகியவற்றால் அமைப்பும் சிக்கலாகியுள்ளது. பழுதுபார்க்கும் வசதியற்ற தொலைதூரப் பாதைகளில் பயணம் செய்வோர், ஆற்றலுடன் எளிய அமைப்பையும் கருத்திற்கொள்வதால், முதல் வடிவத்தை விரும்புவோரும் உள்ளனர்.