மிகைநேர வேலை (நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள்)

வழக்கமான வேலைநேரம் முடிந்த பிறகும் கூடுதல் கூலிக்குச் செய்யும் வேலை மிகைநேர வேலை. பேச்சில் இதை ‘ஓவர்டைம்’, ‘ஓ.டி.’ என்பார்கள். நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் இதன் அளவைத் தீர்மானிப்பது தேயிலைக் கொழுந்தின் வரத்து.

பறித்த கொழுந்து காத்திருக்காது. குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றன்றே தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று, வாட்டும் தொட்டிகளில் பரப்பி, பல மணி நேரம் காற்றோட்டத்தில் வாட்ட வேண்டும். பிறகு அரைத்தல், நொதித்தல், உலர்த்தல். நீலகிரியில் ஆண்டு முழுவதும் கொழுந்து கிடைத்தாலும், மழைக்குப் பின் வரத்து பெருகும்போது இயந்திரங்கள் இரவிலும் ஓடும்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலில் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 48 ஆகக் குறைத்தது. அதற்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி தர வேண்டியிருந்தது. அப்போதும் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்பதே உச்சமாக இருந்தது. தோட்டத் தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் இரட்டைக் கூலியையே விதித்தது.

மென்பொருள் துறையிலும் மிகைநேர வேலைச் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் 1999இல் வெளியிட்ட ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ நூல் வாரத்துக்கு 40 மணி நேர வேலையை ஒரு நடைமுறையாகவே முன்வைத்தது. தொடர்ந்து இரண்டாவது வாரமும் மிகைநேரம் தேவைப்பட்டால் திட்டத்திலேயே கோளாறு என்றது. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி உருவாக்கிய, மென்பொருள் உருவாக்கத்துக்கான ‘அஜைல்’ அறிக்கையின் கொள்கைகளில், சோர்வின்றி நெடுங்காலம் தொடரக்கூடிய சீரான வேகமும் ஒன்று. தோட்டத்தில் உச்சவரம்பை வகுத்தது சட்டம்; மென்பொருள் துறையிலோ அதைக் குழுவே தனக்கு விதித்துக்கொள்கிறது.