ஒரே பழம், இரண்டு சொற்கள்: டார்ஜிலிங் தேநீரும் ‘மஸ்கடெல்’ என்ற பெயரும்

தேயிலைச் சுவைஞர்களின் கலைச்சொல் தொகுப்பைப் புரட்டுபவருக்கு ஒரு முரண் விரைவிலேயே கண்ணில் படும். ‘ஃப்ரூட்டி’, அதாவது பழவாடை கொண்டது, என்பது அங்கே பழிச்சொல். ஆக்சிஜனேற்றம் அளவு மீறினாலோ, உலர்த்துவதற்கு முன் இலையில் பாக்டீரியா பெருகினாலோ, மிகக் கனிந்து கெடத் தொடங்கிய பழத்தின் சாயல் தேநீரில் ஏறிவிடும். அந்தக் குறைக்கே அப்பெயர். அதே தொகுப்பில் சற்றுத் தள்ளி ‘மஸ்கடெல்’ என்ற சொல் இருக்கும். அதுவும் பழத்தைக் குறிப்பதுதான். மணமுள்ள ஒருவகைத் திராட்சை. ஆனால் அது பாராட்டு. டார்ஜிலிங்கின் இரண்டாம் துளிர்த் தேயிலைக்கு ஏறத்தாழத் தனியுரிமையாகிவிட்ட பாராட்டு. முதற்சொல் ஏலத்தில் விலையைக் கீழே தள்ளும், இரண்டாவது மேலே தூக்கும். கறுப்புத் தேநீரில் பழச்சுவை என்பது எப்போது குறை, எப்போது நிறை என்று தீர்மானித்தவர் யார்? இக்கேள்விக்கு வேதியியலில் பாதி விடை உண்டு. மீதியை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

டார்ஜிலிங்கின் நிர்வாகியாக இருந்த ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் 1841இல் தம் தோட்டத்தில் சீனவகைத் தேயிலை விதைகளை ஊன்றினார். வணிக நோக்கிலான தோட்டங்கள் 1850களில் தோன்றின. ஆலூபாரி 1856இல் தொடங்கியது. 1866இல் 39 ஆக இருந்த தோட்டங்கள் 1874இல் 113 ஆயின. அசாமில் அகன்ற இலையுடைய உள்நாட்டுவகை ஓங்கியபோது, குளிரும் சரிவும் மிக்க டார்ஜிலிங்கில் சிற்றிலையுடைய சீனவகை நிலைபெற்றது. அதனைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு நேபாளத்திலிருந்து வந்து குடியேறிய மக்கள். விலையோ மலையில் தீர்மானிக்கப்படவில்லை. அசாம் தேயிலை 1839 ஜனவரியிலேயே லண்டனில் ஏலம் போயிருந்தது. கல்கத்தாவின் முதல் தேயிலை ஏலம் 1861 டிசம்பர் 27 அன்று நடந்தது. ஆக, இலை ஒரு மொழியில் பறிக்கப்பட்டு வேறொரு மொழியில் மதிப்பிடப்பட்டது. சுவைக்கான சொற்கள் அனைத்தும் இரண்டாவது மொழியில் பிறந்தவை.

அம்மொழியின் பிறப்பிடம் சுவைமேசை. நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் மூடிக்கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2.8 கிராம் தேயிலை. பழைய ஆங்கிலேய ஆறு பென்னி நாணயத்தின் எடை அது, நாணயத்தையே எடைக்கல்லாகப் பயன்படுத்திய காலமும் உண்டு. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ மூடிவைத்து, வடிநீரைக் கோப்பையில் சரிப்பார்கள். ஊறிய இலை கவிழ்த்த மூடியின்மேல் கிடக்கும். உலர்ந்த இலை, ஊறிய இலை, வடிநீர் மூன்றையும் ஒருசேரப் பார்த்தபின் சுவைஞர் ஒரு கரண்டி நீரைப் பேரோசையுடன் உறிஞ்சி, வாயில் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். அநாகரிகமாகத் தோன்றும் அவ்வோசைக்குக் காரணம் உண்டு. காற்றுடன் கலந்து தெறிக்கும் துளிகளின் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுகிறது. பழம் என்று நாம் உணர்வதில் நாவின் பங்கு இனிப்பும் புளிப்பும் மட்டுமே, எஞ்சியதெல்லாம் மூக்கின் வேலை.

இம்முறை 1980இல் சர்வதேசத் தரமாகவும் எழுதப்பட்டது: 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம். இதற்கு இணையான பிரித்தானியத் தரநிர்ணய ஆவணம், ஒரு கோப்பைத் தேநீர் போடும் முறையை ஆறு பக்கங்களில் விளக்கியதற்காக 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசைப் பெற்றது. சிரிக்கலாம், ஆனால் அந்த ஆவணத்தின் நோக்கம் நல்ல தேநீர் போடுவதே அன்று. ஒரே அளவுகோலால் பல இலைகளை ஒப்பிட்டு, ஒளிந்திருக்கும் குறைகளை வெளிக்கொணர்வதே அதன் பணி. ஆறு நிமிடக் கொதிநீர் கசப்பையும் துவர்ப்பையும் தயவின்றிக் கக்கவைக்கும். குறை தேடும் மேசையில் பழவாடை முதலில் ஐயத்துக்கு உள்ளானதில் வியப்பில்லை.

பிறகு ‘மஸ்கடெல்’ எப்படித் தப்பியது? அச்சொல் மதுவின் உலகிலிருந்து வந்தது. மஸ்கட் இனத் திராட்சையும் அதன் இனிய மதுவும் ஐரோப்பிய மேற்குடியினருக்கு முன்பே பழக்கமானவை, மதிப்புக்குரியவை. ஒரு மலைத்தேயிலையில் அதே மணத்தைக் கண்ட மூக்கு, அதை வெறும் பழம் என்னாமல் மதுவின் பெயரால் அழைத்தது. அழுகல் என்ற தொடர்பு அறுந்து முதிர்ச்சி என்ற தொடர்பு ஒட்டிக்கொண்டது. சொல் மாறினால் பொருளின் வகுப்பே மாறிவிடும் என்பதற்குச் சந்தை மொழியில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அச்சொல்லின் பயணமும் சுவையானது. ‘மஸ்கட்’ என்பது கஸ்தூரியைக் குறிக்கும் இலத்தீன் ‘முஸ்குஸ்’ என்பதன் வழிவந்தது. அதற்கு முன் கிரேக்கம், அதற்கும் முன் பாரசீக ‘முஷ்க்’. அதன் வேரைச் சமஸ்கிருத ‘முஷ்க’ என்பதில் காண்பதே பெரும்பான்மைச் சொற்பிறப்பியலாளரின் முடிவு. கஸ்தூரி மானின் மணப்பைக்கு அதன் வடிவம் கருதி வந்த பெயர் அது. இமயமலைச் சரிவுகளின் ஒரு விலங்கிலிருந்து மேற்கே போன சொல், திராட்சையின்மேல் ஏறி, மதுவாகி, ஆங்கிலேயரின் நாவில் கப்பலேறி, அதே மலைத்தொடரின் ஓர் இலைக்குப் பெயராக வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ் வாசகருக்கு இம்மணம் அந்நியமன்று. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்ததே. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஐரோப்பியர் கஸ்தூரியை உணர்ந்த இடத்தில் தமிழர் பன்னீரை உணர்ந்தனர். இரண்டாம் துளிர்த் தேநீரை முதன்முறை நுகரும் ஒரு தேனிக்காரர் ‘பன்னீர் வாசம்’ என்று சொன்னால் அவர் சுவைமேசையின் தீர்ப்பையே தம் மொழியில் சொல்கிறார்.

அவர் சொல்வது வேதியியல்படியும் சரி. மஸ்கட் திராட்சைக்கு மணம் தருபவை லினலூல், ஜெரானியால், ஹோட்ரியெனால் முதலிய டெர்பீன் சேர்மங்கள். டார்ஜிலிங்கின் இரண்டாம் துளிரிலும் இவை உண்டு. ஹோட்ரியெனாலுக்கு முன்னோடியான ஒரு டையால் சேர்மம் திராட்சையிலும் இந்த இலையிலும் ஒன்றே. வெப்பம் பட்டால் அது ஹோட்ரியெனாலாக மாறும். ஆலையின் உலர்த்தும் அடுப்பில் நிகழ்வதும் அதுதான்.

அந்த டையால் இலையில் பெருகக் காரணம் ஒரு பூச்சி. மே மாதத்தின் பின்பகுதியிலும் ஜூனிலும், பெருமழைக்குச் சற்று முன், இளந்துளிரின் சாற்றைத் தத்துப்பூச்சிகளும் இலைப்பேன்களும் உறிஞ்சுகின்றன. கடிபட்ட இலை சுருள்கிறது, விளிம்பு பழுப்பேறுகிறது, வளர்ச்சி குன்றுகிறது. தற்காப்பாகச் செடி சுரக்கும் சேர்மங்களே பின்னர் வாட்டுதல், உருட்டுதல், ஆக்சிஜனேற்றம், உலர்த்துதல் என்னும் படிகளைக் கடந்து திராட்சை மணமாகின்றன. மணம் முழுவதையும் பூச்சியின் கணக்கில் எழுதிவிடுவதும் பிழை. சீனவகைச் செடி, உயரம், குளிரிரவு, இலையைக் கடுமையாக வாட்டும் டார்ஜிலிங் ஆலைமுறை ஆகியவையும் பங்காளிகள். ஆனால் பூச்சியை நீக்கிவிட்டால் ‘மஸ்கடெல்’ மங்கிவிடும்.

இங்கே இன்னொரு பெயரிடல் குறுக்கிடுகிறது. ஜார்ஜ் வாட் 1898இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘தேயிலைச் செடியின் பூச்சிகளும் நோய்களும்’ என்பதாகும். தோட்ட முதலாளிகளின் வழக்கில் தத்துப்பூச்சி ‘பச்சை ஈ’ எனப்பட்டது. அது ஈயே அன்று. இருந்தும் பெயர் நிலைத்தது. ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் அதன் இடமும் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் வேதிக்கொல்லிகள் அப்பட்டியலைச் செயலாக்கின. ஆக, மேசையில் வானளாவப் புகழப்பட்ட மணமும், தோட்டத்தில் மருந்தடித்துக் கொல்லப்பட்ட பூச்சியும் ஒரே நிகழ்வின் இரு முனைகள் என்பது நெடுங்காலம் இரு தனித்தனிச் சொற்கோவைகளில் பிரிந்து கிடந்தது.

இயற்கை வேளாண்மை வந்ததற்குக் காரணம் இந்த அறிவு அன்று, சந்தைதான். மகாய்பாரித் தோட்டம் 1988இலேயே இயற்கை வேளாண் சான்று பெற்றிருந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் சிதைந்தபோது டார்ஜிலிங் பெரியதொரு வாடிக்கையாளரை இழந்து மேற்கு ஐரோப்பாவையும் ஜப்பானையும் கூடுதலாக நம்ப வேண்டியதாயிற்று. 1990களின் நடுவில் ஜெர்மனியில் டார்ஜிலிங் தேயிலையில் டெட்ராடிஃபான் என்னும் சிலந்திக்கொல்லியின் எச்சம் கண்டறியப்பட்டது. அதன்பின் தோட்டங்கள் பல சான்றிதழை நோக்கி நகர்ந்தன. விளைச்சல் குறைந்தது. பூச்சிக்கு இடம் கிடைத்தது.

பழச்சுவையை வெளியிலிருந்து சேர்ப்பதும் பழைய வழக்கமே. தாழ்ந்த தேயிலைக்கு பெர்கமாட் என்னும் நாரத்தை இனத்தின் எண்ணெயைப் பூசி உயர்ந்ததாக விற்பது 1830களின் இங்கிலாந்தில் மோசடியாகக் கருதப்பட்டது; சில பதிற்றாண்டுகளில் அதுவே ‘ஏர்ல் கிரே’ என்ற பிரபுவின் பட்டத்தைச் சூடி மதிப்புப் பெற்றது. இந்தியச் சட்டம் நறுமணமூட்டிய தேயிலையைத் தனிவகையாகக் கருதி, மேலுறையில் அறிவிக்கச் சொல்கிறது. மனிதர் சேர்த்த பழத்துக்கு அறிவிப்பு கட்டாயம். பூச்சி சேர்த்ததற்கு அறிவிப்பு ஏதும் இல்லை, விளம்பரம் மட்டுமே உண்டு.

தைவானில் இதே நிகழ்வு வேறு மொழியில் நடந்தது. ஹ்சின்சூ வட்டாரத்தின் ஒரு கதைப்படி, தத்துப்பூச்சி கடித்த இலையை எறிய மனமில்லாத உழவர் ஒருவர் அதையே தேயிலையாக்கி நல்ல விலைக்கு விற்றார். ஊரார் நம்பாமல் ‘பீற்றல் தேயிலை’ என்று கேலி செய்தனர். கதை உண்மையோ பொய்யோ, அப்பெயர் இன்றும் வழங்குகிறது. வாங்குவோர் உலகில் அதற்கு ‘கீழைத்தேய அழகி’ என்று நாசூக்கான பெயருண்டு. அங்கே பூச்சி கடித்ததென்பது மறைக்க வேண்டிய செய்தியன்று. பயிரிட்டவரின் சொல் பண்டத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. டார்ஜிலிங்கில் வாங்குபவரின் சொல் மட்டுமே பயணம் செய்தது. பறிப்பவர்களின் நேபாளிச் சொல் ஒன்றுகூடச் சுவைஞர் தொகுப்பில் இடம்பெறவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சிக் குறையன்று. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். தோட்டக்கூலியோ பறித்த எடையோடு பிணைக்கப்பட்டது. தத்துப்பூச்சி கடித்துக் குன்றிய துளிர் எடை குறைந்தது. எந்த இலை மேசையில் மிக அதிக விலை பெறுகிறதோ, அதே இலை கூடையில் மெதுவாக நிறைகிறது. ‘மஸ்கடெல்’ என்ற சொல் ஏற்றிய மதிப்பு கூடையின் எடைக்கணக்கில் எங்கும் தென்படுவதில்லை.

அருந்துபவர் அந்த மணத்தைக் காண விரும்பினால் சுவைமேசையைப் பின்பற்றக் கூடாது. கொதித்து அடங்கிய நீர், கோப்பைக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல், மூன்று நிமிடம், மூடிய பாத்திரம். பால் வேண்டாம், கொதிக்கவைத்தல் அறவே வேண்டாம். மூடியைத் திறந்த கணத்தில் அதன் உட்புறத்தை நுகர்ந்தால் திராட்சை அங்கே முதலில் தெரியும். பிறகு தேன் நிறத்து நீரில், சற்று ஆறியபின், இன்னும் தெளிவாக. 1930களில் அசாமில் உருவான நொறுக்கு இயந்திரம் தந்த தூளும், பாலும், அடுப்பும் சேர்ந்த நம் அன்றாடத் தேநீர் வேறொரு கலை. அதன் நியாயத்தை இங்கே குறை கூறவில்லை. அதில் இந்த மணம் பிழைக்காது, அவ்வளவே.

டார்ஜிலிங் என்ற பெயர் 2004இல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. 87 தோட்டங்களுக்கு மட்டுமே அவ்வுரிமை. அத்தோட்டங்களில் உழைப்போரின் நேபாளி மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற 1992 வரை காத்திருக்க நேர்ந்தது. 2017 மே மாதத்தில், பள்ளிகளில் வங்காளம் கட்டாயம் என்ற மாநில அரசின் அறிவிப்பு மலையில் எதிர்ப்பைக் கிளப்பியது; அது கூர்க்காலாந்துக் கோரிக்கையோடு இணைந்து ஜூன் நடுவில் 104 நாள் முழு அடைப்பாயிற்று. இரண்டாம் துளிரின் உச்சம் அது. ஆலைகள் மூடின. பறிக்கப்படாத துளிர்கள் முற்றி, களை ஏறி, செடிகள் இடுப்புயரம் தாண்டி வளர்ந்தன. ஆண்டு உற்பத்தி முந்தைய ஆண்டில் பாதியைக்கூட எட்டவில்லை. தத்துப்பூச்சிகள் வழக்கம்போல் வந்து கடித்த இலைகளில் பெரும்பகுதி அவ்வாண்டு எந்தச் சுவைமேசைக்கும் போய்ச் சேரவில்லை.