நடுவுறுப்பை நீக்கிய கதை

க கிடைத்தொலைவு, ச செங்குத்துத் தொலைவு எனக் கொண்டு க² + ச² − 6க + 8ச − 11 = 0 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். இரு கெழுக்களையும் பாதியாக்கி, 9, 16 ஆகிய வர்க்கங்களை இருபுறமும் கூட்டினால் (க − 3)² + (ச + 4)² = 36 என்றாகிறது. மையம் (3, −4), ஆரம் 6. மாணவர்கள் இதைச் சூத்திரமாக மனனம் செய்துவிடுவதால், இதனுள் இரு வேறு வரலாறுகள் பிணைந்திருப்பது கண்ணில் படுவதில்லை.

முதல் வரலாறு வர்க்கப் பூர்த்தியினுடையது. செவ்வகத்தைச் சதுரமாக்க பௌதாயன சுல்ப சூத்திரம் தரும் வழி இது: அகலத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தை ஒதுக்கி, எஞ்சிய பகுதியை இரண்டாக வெட்டி, அச்சதுரத்தின் இரு பக்கங்களில் ஒட்டுக, மூலையில் விழும் வெற்றிடத்தை ஒரு சிறு சதுரத்தால் நிரப்புக, பின்னர் அதைக் கழித்துவிடுக. நாம் கூட்டும் 9 என்னும் எண் அந்த மூலைச் சதுரமேயன்றி வேறில்லை. வேள்விமேடை அமைப்பதற்காகக் கண்ட இவ்வழி, 628இல் பிரம்மகுப்தரிடம் எண்களின் விதியாக நிற்கிறது. இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு இந்தியக் கணிதர் இட்ட பெயரே ‘மத்யமாஹரணம்’, அதாவது நடுவுறுப்பை நீக்குதல். எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறெந்த மரபிலும் தென்படவில்லை. ஸ்ரீதரர் மேலும் ஒரு படி சென்றார். வர்க்க உறுப்பின் கெழுவை நான்கால் பெருக்கி, அதனால் சமன்பாடு முழுவதையும் பெருக்கிவிட்டு, நடுவுறுப்புக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டச் சொன்னார். பின்னங்கள் தலைகாட்டாமல் தடுக்கும் உத்தி அது.

இரண்டாவது, வட்டத்தின் வரலாறு. வட்டத்தில் நாணை விட்டம் செங்குத்தாக வெட்டும்போது உண்டாகும் இரு ‘அம்பு’களின் பெருக்கற்பலன் அரைநாணின் வர்க்கத்திற்குச் சமம் என்று 499ஐச் சார்ந்த ஆரியபடீயம் கூறுகிறது. அம்பை க என்றும் அரைநாணை ச என்றும் விட்டத்தை வி என்றும் எழுதினால், ச² = க(வி − க). இது வட்டத்தின் சமன்பாடேதான்!

ஆயினும் ‘நம்மிடம் எல்லாம் இருந்தது’ என்று சமூக ஊடகங்களில் முழங்குவோருடன் நான் உடன்படுவதற்கில்லை. ஆரியபடரின் அம்பு வட்டத்தின் விளிம்பிலிருந்தே அளக்கப்படுகிறது. விட்டம் எங்கே இருக்கிறது என்பது முன்னரே தெரியும். ஆகவே மையத்தைத் தேடும் தேவையே அங்கு எழவில்லை. வட்டத்திற்குப் புறம்பான ஓர் ஆதிப்புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்கிய பின்னரே அக்கேள்வி பிறக்கிறது. 1637இல் டெக்கார்ட்டின் வடிவியல் நூல் வெளிவந்த காலத்தை ஒட்டி, ஃபெர்மா தம் நியமப்பாதைக் கட்டுரையில் இரு மாறிகளுக்கும் முதற்படி உறுப்புகள் கொண்ட ஒரு சமன்பாட்டை எடுத்து, இருபுறமும் வர்க்கங்களைக் கூட்டி, அது வட்டமே என்று காட்டினார். கையெழுத்துப் படியாக உலவிய அக்கட்டுரை, அவர் மறைந்த பின்னர் 1679இல்தான் அச்சேறியது.

ஸ்ரீதரரின் பீஜகணித நூலுக்கோ அந்தப் பேறும் வாய்க்கவில்லை. நூல் மறைந்துபோயிற்று, இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் எடுத்தாண்டதால் மட்டுமே அவ்விதி இன்று நம்மிடம் இருக்கிறது.