கண்ணுக்குரிய கொள்கை, எழுத்துக்குரிய அளவை: தமிழ் ஊடகப் பக்க வடிவமைப்பு பற்றிய ஒரு வாதம்

காட்சித் தொடர்பியல் பாடநூல் எதைப் புரட்டினாலும் தொடக்கத்தில் இரண்டு பட்டியல்களைக் காணலாம். புள்ளி, கோடு, வடிவம், நிறம், இழைமம், வெளி ஆகியவை கூறுகள். சமநிலை, முரண், படிநிலை, நெருக்கம், ஒழுங்கு, ஒருமை ஆகியவை கொள்கைகள். இவை உருவான களம் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பா. 1919இல் வைமாரில் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் பள்ளியும், அங்குக் கற்பித்த காண்டின்ஸ்கி 1926இல் புள்ளி, கோடு, தளம் பற்றி வெளியிட்ட நூலும், அச்சுக்கலை குறித்து யான் ட்சிஹோல்ட் 1928இல் எழுதிய நூலும் இப்பட்டியல்களுக்கு அடித்தளம் இட்டன.

இப்பட்டியல்கள் தமிழுக்குப் பொருந்துமா என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடைகள் வரும். கலை உலகப் பொது என்பது ஒன்று. எல்லாம் மேற்கத்தியச் சரக்கு என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை. கொள்கைகள் கண்ணுக்குரியவை, ஆகவே எல்லா எழுத்துக்கும் பொதுவானவை. அவற்றை நிறைவேற்றும் அளவைகளோ எழுத்துக்குரியவை. ஆகவே எழுத்துதோறும் மாறுபவை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விட்டதால், இலத்தீன் எழுத்தின் அளவைகள் கொள்கை என்ற பெயரிலேயே தமிழ்ப் பக்கங்களுக்குள் வந்து சேர்ந்துவிட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பொதுவானது எது?

அருகருகே இருப்பவற்றையும் ஒத்த தோற்றம் உடையவற்றையும் கண் ஒரே தொகுதியாகக் காண்கிறது என்று உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் எழுதிய ஆய்வு காட்டியது. அவர் சான்றாக வரைந்தவை புள்ளிகளும் கோடுகளும். எந்த மொழியின் எழுத்தையும் அவர் நம்பியிருக்கவில்லை. அதனால்தான் படத்தை ஒட்டி அதன் விளக்கம் வர வேண்டும் என்ற விதி ஜெர்மன் இதழுக்கும் தமிழ் இதழுக்கும் ஒன்றாகவே பொருந்துகிறது. நிறமும் அப்படியே. 1906இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய, பாரதி ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த ‘இந்தியா’ வார இதழ் சிவப்புத் தாளில் கருத்துப்படங்களுடன் வந்தது. தலைப்பைப் படிக்கும் முன்பே இதழை அடையாளம் காட்ட அந்தத் தாளின் நிறமே போதும். இத்தகைய முரணுக்கு எழுத்தறிவு தேவையில்லை.

எழுத்து உள்ளே நுழையும் இடத்தில்தான் நிலைமை மாறுகிறது.

2. வரிகளுக்கு இடையே உள்ள வெளி

‘புதுச்சேரி’ என்ற சொல்லை அச்சில் உற்றுப் பாருங்கள். எழுத்துகள் ஐந்து. பு, து இரண்டும் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகின்றன. ‘ச்’ தலைக்கு மேல் புள்ளி தாங்குகிறது. ‘ரி’ மேலே விசிறியையும் கீழே ரகரத்தின் வாலையும் ஒருசேரக் கொண்டது. மேலும் கீழும் நீட்சி இல்லாத எழுத்து என்று பெரும்பாலான எழுத்துருக்களில் ‘சே’ ஒன்றைத்தான் சொல்லலாம்.

இச்சொல் இரண்டு வரித் தலைப்பின் மேல்வரியில் வந்து, கீழ்வரியில் ‘நீதி’ போன்ற சொல் அமைந்தால், மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் விசிறிகளும் முட்டிக்கொள்ளும். முழுக்கப் பெரிய எழுத்தில் அமைந்த ஆங்கிலத் தலைப்பில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே வரிகளை மிக நெருக்கி அடுக்கலாம். அதே நெருக்கத்தைத் தமிழில் அப்படியே பின்பற்றும்போது நெருக்கம் என்ற கொள்கையே பழுதுபடுகிறது. ஒரு வரியின் எழுத்துகள் தமக்குள் சேர்வதை விட்டு, அடுத்த வரியோடு சேர்ந்துவிடுகின்றன.

3. தடிமனும் முரணும்

முக்கியமானதைத் தடித்த எழுத்தில் இடு என்பது எல்லாரும் கற்பிக்கும் விதி. தமிழில் இதற்கு ஓர் எல்லை உண்டு. ண, ஞ, னை போன்ற எழுத்துகளின் அடையாளமே அவற்றின் சுழிகளில் இருக்கிறது. தடிமன் கூடக் கூடச் சுழிக்குள் இருக்கும் வெண்மை அடைபடுகிறது. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு சுழிதான். மை பரவும் மலிவான செய்தித்தாளிலோ சிறிய திரையிலோ அது அடைந்துபோனால் ‘பெயர்’ எது, ‘பேயர்’ எது என்று கண் தடுமாறும். இங்கே உருவமாகிய கருமையைப் போலவே பின்னணியாகிய வெண்மையும் எழுத்தின் பகுதி.

இதன் விளைவை இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி நெறிகளில் காணலாம். உலகளாவிய வலைச் சேர்த்தியம் வகுத்த அந்நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கின்றன. பெரிய எழுத்தானால் 3க்கு 1 போதும். 18 புள்ளி எழுத்தோ, 14 புள்ளித் தடித்த எழுத்தோ பெரியதாகக் கொள்ளப்படுகிறது. தடித்தால் தெளிவு கூடும் என்ற எண்ணமே இச்சலுகைக்கு அடிப்படை. தடிக்கும்போது சுழி அடைபடும் தமிழில் அந்த எண்ணத்தைச் சோதிக்காமல் ஏற்க முடியாது.

4. படிநிலையும் வரி நீளமும்

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வெழுத்து ஆகிய மூன்றும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் நின்று பெயரையும் நூல் தலைப்பையும் பிரித்துக் காட்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. சாய்வெழுத்து என்று கணினி தருவது பெரும்பாலும் நேரெழுத்தைச் சரித்துக் காட்டுவதுதான். ஆகவே தமிழ்ப் பக்கத்தின் படிநிலை முழுவதையும் அளவு, தடிமன், நிறம், வெளி ஆகிய நான்குமே சுமக்க வேண்டும். தடிமனுக்கும் எல்லை உண்டு என்று கண்டோம். எஞ்சியவற்றில் எழுத்தைத் தொடாமலே பயன்படுத்தக்கூடியது வெளி. தமிழ் நாளிதழ்ப் பக்கத்தில் மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான்.

வரி நீளத்துக்கு வருவோம். ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை நன்று என்பது அச்சுக்கலை நூலாசிரியர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் தரும் அளவை. அவர் இலத்தீன் எழுத்தைக் கருதிச் சொன்னது. மேற்சொன்ன அணுகல் நெறிகள் 80 எழுத்தை உச்சமாக வைத்து, சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு மட்டும் 40 என்று குறைத்திருக்கின்றன. எழுத்து மாறினால் அளவையும் மாறும் என்பதை அந்நெறிகளே ஒப்புக்கொள்கின்றன. தமிழுக்குத் தனி எண் அங்கே இல்லை. ‘எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்ற சொல்லில் 18 எழுத்துகள். குறுகிய பத்தியில் அந்த ஒரு சொல்லே ஏறத்தாழ ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். இரு ஓரமும் சமப்படுத்தினால் அதற்கு முந்தைய வரியில் ஓட்டைகள் விழும். சொல்லை முறித்தாலோ, புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. மறுப்பும் விடையும்

வடிவமைப்பாளர்கள் கண்ணளவிலேயே இதையெல்லாம் சரிசெய்துகொள்கிறார்களே, தனி அளவை எதற்கு என்று கேட்கலாம். தேர்ந்தவர்கள் செய்கிறார்கள் என்பது உண்மைதான். நூல் தலைப்புகளுக்கு ஓவியர் ஆதிமூலம் வரைந்த எழுத்துகள், தமிழ் வரிவடிவத்தின் வளைவிலிருந்தே முரணையும் சமநிலையையும் உருவாக்க முடியும் என்று காட்டின. ஆனால் ஒருவர் கைத்திறனாக மட்டுமே நிற்பதை அடுத்த தலைமுறைக்குப் பாடமாக்க முடியாது.

தமிழ் எழுத்தின் அளவைகளை இதுவரை எவை தீர்மானித்தன என்பதை வரலாறு சொல்கிறது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை. தாள் ஏராளமாகச் செலவானதால் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்த எழுத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் அதனால் மாறின. கற்பதும் அச்சிடுவதும் எளிதாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது நிறைவேறவும் செய்தது. தாளின் விலை ஒருமுறையும் அச்சின் வசதி மறுமுறையும் தமிழ் எழுத்தின் உருவையும் அளவையும் மாற்றியிருக்கின்றன. பக்கத்தைப் படிக்கும் கண்ணை முன்வைத்து அளவை காணும் முயற்சி அவ்வளவு அழுத்தம் பெறவில்லை.

6. முடிவு

வெர்தைமரின் கொள்கைகளைத் தமிழ் வகுப்பறையில் தயங்காமல் கற்பிக்கலாம். ஆனால் வரி இடைவெளி, தடிமன், வரி நீளம் ஆகிய மூன்றுக்கும் மொழிபெயர்த்த எண்களைக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். தமிழ் வாசகர்களைக் கொண்டு, அச்சிலும் கைப்பேசித் திரையிலும் படிக்கும் வேகத்தையும் பிழையையும் சோதித்து இம்மூன்று அளவைகளையும் வகுக்க முடியும். அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. காட்சித் தொடர்பியல் துறைகளின் மாணவர்களே செய்யக்கூடிய வேலை. அத்துறைகள் இதைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும்.